மூக்கு ஒழுகினால் மூளை கலங்கலாமா?

ராத்திரி பத்து மணி. சின்னது நாலு தும்மல் போடுகிறது. மூக்கில் ஒரு கோடு. தொட்டுப் பார்த்தால் லேசான சூடு. அவ்வளவுதான், வீடே எழுந்து உட்கார்ந்துவிடுகிறது!

'ஐஸ்க்ரீம் வேண்டாம்னு அப்பவே சொன்னேனே' என்கிறார் பாட்டி. 'ஃபேனைக் குறை' என்கிறார் தாத்தா. 'திங்கட்கிழமை யூனிட் டெஸ்ட் இருக்கே' என்று நீங்கள் கையைப் பிசைகிறீர்கள். உங்கள் கணவரோ ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். டாக்டரிடமா? இல்லை, தெருமுனை மருந்துக்கடைக்கு! 'போன தடவை கொடுத்தீங்களே, அதே ஆன்ட்டிபயாட்டிக் கொடுங்க. மூணு நாள்ல கேட்டுதே...'

என்ன, உங்கள் வீட்டை எட்டிப் பார்த்து எழுதினது மாதிரி இருக்கிறதா? இல்லீங்க. என் வீட்டில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால், என் பையனுக்கு நாலு வயசு. இதே மாதிரி ஒரு ராத்திரி. ஃப்ரிட்ஜ் கதவில் மூத்தவளுக்கு வாங்கின ஆன்ட்டிபயாட்டிக் சிரப் பாதி பாட்டில் மிச்சம் இருந்தது. பவுடராக வரும், தண்ணீர் ஊற்றிக் குலுக்குவோமே, அந்த வகை. குலுக்கி ஒரு மாதம் ஆகியிருக்கும். 'காசு கொடுத்து வாங்கினது வீணாவானேன்' என்று ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன். மூன்றாம் நாள் பையனுக்கு வயிற்றுப்போக்கு. சளியோ, தன் பாட்டுக்கு ஒரு வாரம் இருந்துவிட்டுத்தான் போனது.

குழந்தை டாக்டரிடம் ஓடினேன். பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். 'ஏம்மா, கலக்கின மருந்தை ஒரு வாரம், பத்து நாளுக்கு மேல வச்சுக்கக் கூடாதுன்னு பாட்டில்லயே போட்டிருக்கே, படிக்கலையா? அது போகட்டும். வைரஸ் சளிக்கு இந்த மருந்து எதுக்கு? இது பாக்டீரியாவைத்தானே கொல்லும்?' என்றார். எனக்கு முகம் தொங்கிப் போயிற்று. இத்தனைக்கும் நான் பி.எஸ்ஸி. படித்தவள்!

அந்த 'எதுக்கு?' என்ற கேள்வி என்னை விடவில்லை. சளிக்கு ஆன்ட்டிபயாட்டிக் 'பிரயோஜனம் இல்லை' என்று மட்டும்தான் அன்று எனக்குப் புரிந்தது. 'உபகாரம் இல்லாட்டியும் உபத்திரவம் இல்லையே' என்று சமாதானம் செய்துகொண்டேன். அந்த சமாதானமும் தப்பு என்று பிற்பாடு ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சிகளைப் படித்தபோதுதான் உறைத்தது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

வாசலிலேயே ஒரு வாட்ச்மேன்

அவர் பெயர் அகிகோ இவாசாகி. 1970-ல் ஜப்பானில் பிறந்தவர். சொந்த ஊர் இகா. சத்தமில்லாமல் கோட்டைக்குள் நுழையும் நிஞ்ஜா ஒற்றர்களுக்குப் பேர் போன ஊர் அது! கனடாவில் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் படித்து 1998-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 2000-ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரில் உள்ள யேல் பல்கலைக்கழகத்தில் நோய் எதிர்ப்பு சக்தியைப் பற்றி ஆராய்ந்து வருகிறார். சத்தமில்லாமல் நம் மூக்குக்குள் நுழைகிற வைரஸை உடம்பு எப்படிக் கண்டுபிடிக்கிறது, எப்படி விரட்டுகிறது என்பதுதான் இவருடைய ஆராய்ச்சியின் முக்கியமான பகுதி.

அவர் கண்டுபிடித்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒரு பழைய கதை. 1957-ல் லண்டன் மில் ஹில்லில் இருந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மான் என்ற இருவர், கோழிக் கருமுட்டையின் சவ்வில் ஃப்ளூ வைரஸை வைத்துப் பரிசோதித்தார்கள். வைரஸ் பட்ட செல்கள் ஏதோ ஒரு பொருளைச் சுரந்தன. அந்தப் பொருளை மற்ற செல்களோடு சேர்த்தால், அவற்றில் வைரஸ் பெருக முடியவில்லை! வைரஸின் வேலையில் குறுக்கிடுகிற பொருள் என்பதால் அதற்கு 'இன்டர்ஃபெரான்' என்று பேர் வைத்தார்கள்.

நம்ம தெரு வாட்ச்மேன் மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். திருடன் ஒரு வீட்டில் நுழைந்ததும் விசில் ஊதுகிறார். அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் உடனே கதவைத் தாழ் போடுகின்றன. அந்த விசில்தான் இன்டர்ஃபெரான். மூக்கின் உட்சுவரில் இருக்கிற செல்களே இதைச் செய்கின்றன. நீங்கள் மாத்திரை வாங்கக் கிளம்பும் முன்பே விசில் ஊதியாகிவிட்டது!

மூக்கில் ஜில்லென்று இருந்தால்?

'குளிர்ந்த காற்று பட்டால் சளி பிடிக்கும்' என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். 'வைரஸ் இல்லாமல் குளிர் மட்டும் சளி தராது' என்று படித்தவர்கள் மறுப்பார்கள். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை! சாதாரண சளியை உண்டாக்குவதில் முதல் இடம் ரைனோ வைரஸுக்கு. அதில் 150-க்கும் மேல் வகைகள். உடம்பின் உள்சூடு 37 டிகிரி செல்சியஸ் என்றால், காற்று வந்து போகும் மூக்கின் உட்புறம் சுமார் 33 டிகிரிதான். இந்த வைரஸ் 33 டிகிரியில்தான் நன்றாகப் பெருகும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரியும். ஏன் என்பதுதான் புதிர்.

2015-ல் எல்லன் ஃபாக்ஸ்மன் என்ற ஆராய்ச்சியாளரும் இவாசாகியும் அவர்கள் குழுவும், எலிகளின் மூச்சுக்குழல் செல்களை வைத்து இதைச் சோதித்தார்கள். 37 டிகிரியில் செல்கள் விசிலைப் பலமாக ஊதின. 33 டிகிரியில் விசில் சத்தம் குறைந்தது. விசில் ஊதவோ, விசிலைக் கேட்கவோ முடியாத செல்களை எடுத்துப் பார்த்தால், 37 டிகிரியிலும் வைரஸ் கொண்டாட்டமாகப் பெருகியது! ஆக, வைரஸுக்குக் குளிர் பிடித்திருக்கிறது என்பதைவிட, குளிரில் நம் காவல் தளர்கிறது என்பதுதான் விஷயம்.

இது எலியின் செல்களில் செய்த சோதனை. 'மூக்கில் மப்ளர் கட்டினால் சளியே வராது' என்று கிளம்பிவிடாதீர்கள்! எனக்கு இதில் பிடித்த பாடம் வேறு. சளி பிடிக்கிறதா, விடுகிறதா என்பது வைரஸின் கையில் மட்டும் இல்லை. நம் காவல் எப்படி இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. அப்படியானால், அந்தக் காவலுக்கு நாமே குழி பறிக்கலாமா?

குழி பறிப்பது எப்படி?

2011-ல் இவாசாகியின் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. எலிகளுக்கு நான்கு வாரங்கள் குடிதண்ணீரில் ஆன்ட்டிபயாட்டிக்குகளைக் கலந்து கொடுத்தார்கள். குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் குறைந்துபோயின. பிறகு அந்த எலிகளுக்கு மூக்கு வழியாக ஃப்ளூ வைரஸைக் கொடுத்தார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? ஆன்ட்டிபயாட்டிக் சாப்பிடாத எலிகளைவிட இவற்றில் எதிர்ப்பு மந்தமாக இருந்தது. நுரையீரலில் வைரஸ் கூடுதலாக இருந்தது!

குடலுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். நம் வயிற்றில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள், தயிர்சாதத்தைச் செரிக்க வைப்பதோடு நிற்பதில்லை. 'விழித்திரு, விழித்திரு' என்று காவல் படையைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கின்றன. அவை போய்விட்டால் படை தூங்கி வழிகிறது.

'எலிக்குத்தானே, மனுஷனுக்கு?' நியாயமான கேள்வி. 2019-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஆரோக்கியமான பெரியவர்கள் சிலருக்கு ஐந்து நாள் ஆன்ட்டிபயாட்டிக் கொடுத்து, நடுவில் ஃப்ளூ தடுப்பூசியும் போட்டார்கள். ஏற்கெனவே ஃப்ளூவுக்கு எதிர்ப்பு சக்தி இருந்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அது குறைவாக இருந்தவர்களுக்கோ, ஒரு வகை ஃப்ளூவுக்கு எதிரான பலன் குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். வைரஸ்களை இன்னும் பழகாத, முன்னனுபவம் இல்லாத உடம்பு யாருடையது? நம் குழந்தைகளுடையது!

மூன்று நாள் மருந்தால் உங்கள் பிள்ளையின் எதிர்ப்பு சக்தியே போய்விடும் என்று பயமுறுத்த வரவில்லை. அப்படி எந்த ஆய்வும் சொல்லவில்லை. 'உபத்திரவம் இல்லையே' என்ற சமாதானம் மட்டும் செல்லாது என்கிறேன்.

'டாக்டரே எழுதித் தருகிறாரே?'

இந்தக் கேள்வி உங்கள் நாக்கு நுனியில் நிற்கிறது, இல்லையா? ஆமாம், சில பேர் எழுதித் தருகிறார்கள். ஆனால் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். 'வெறும் சளிதான், ஒரு வாரத்தில் போய்விடும்' என்று சொல்லி அனுப்புகிற டாக்டரை நாம் என்ன சொல்கிறோம்? 'பீஸ் மட்டும் வாங்கிட்டார், ஒண்ணுமே கொடுக்கலை'. அடுத்த தடவை வேறு டாக்டரிடம் போகிறோம். 'ஸ்ட்ராங்கா எழுதுங்க டாக்டர், ரெண்டு நாள்ல ஸ்கூல் அனுப்பணும்' என்று நாமே கேட்கிறோம். கேட்டது கிடைக்கிறது. கை ராசிக்காரர் என்று பெயரும் கிடைக்கிறது. சளிக்கு மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் என்று ஊரில் கேலியாகச் சொல்வார்களே, அதில் நாலாம் நாள் கொடுத்த மருந்துக்கு ஏழாம் நாள் புகழ் வராமல் என்ன செய்யும்?

இன்னொரு சாக்கு, 'சளி பச்சையா மாறிடுச்சு, உள்ளே பாக்டீரியா இருக்கு' என்பது. படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். வைரஸை எதிர்த்து வந்து குவியும் வெள்ளை அணுக்களில் பச்சை நிறப் பொருள் ஒன்று உண்டு. சளியின் பச்சை நிறம் அதனால்தான். அதாவது, படை வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். நிறத்தை மட்டும் பார்த்து மருந்து முடிவு செய்யக் கூடாது.

லீவு கிடைக்காத அம்மாக்களின் அவஸ்தை எனக்குத் தெரியாததல்ல. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு நாள் லீவு போட்டால் ஆபீஸில் முகம் சுளிக்கிறார்கள். அதனால்தான் 'சீக்கிரம்' என்ற வார்த்தை நம் வாயில் முதலில் வருகிறது. இது அம்மாவின் குற்றம் மட்டும் இல்லை. குழந்தைக்குச் சளி என்றால் அப்பாவும் ஒரு நாள் லீவு போடலாம், ஆகாயம் இடிந்து விழாது!

என் மாமியாரின் ரிப்போர்ட்

மறைக்காமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் என் மாமியாருக்கு சிறுநீர்த் தொற்று. குளிர் ஜுரம், தூக்கித் தூக்கிப் போட்டது. கல்ச்சர் டெஸ்ட் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு ஆன்ட்டிபயாட்டிக் பெயருக்கு நேராகவும் 'ஆர்', 'ஆர்', 'ஆர்'. அந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்காது என்று அர்த்தம். கடைசியில் இரண்டே பெயருக்கு நேராகத்தான் 'எஸ்' இருந்தது. இரண்டுமே ஊசி. பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம். பிழைத்து வந்தார். அந்தப் பத்து நாளும் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து நான் நினைத்தது ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த அந்தப் பாதி பாட்டிலைத்தான்.

நான் கொடுத்த ஒரு மூடி மருந்தால்தான் இது வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு மூடி ஊற்றினால்? மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2022-ல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. நம் நாட்டு மருத்துவர்கள் 2012-லேயே சென்னையில் கூடி, ஆன்ட்டிபயாட்டிக்கை முறைப்படுத்தச் சொல்லி 'சென்னைப் பிரகடனம்' என்று ஒன்றை வெளியிட்டார்கள். 2016-ல் மத்திய அரசு, மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு பார்த்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்று பிரசாரமே செய்தது. அந்தச் சிவப்புக் கோட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இன்றைக்கே மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள்.

'பூஸ்ட்' பண்ணலாமா?

'சரி, ஆன்ட்டிபயாட்டிக் வேண்டாம். எதிர்ப்பு சக்தியைக் கூட்ட ஏதாவது பவுடர் சொல்லுங்க' என்று அடுத்து ஆரம்பிப்பீர்கள். அங்கேயும் கொஞ்சம் நில்லுங்கள்!

2020-ல் கொரோனா வந்தபோது, நியூ ஹேவன் மருத்துவமனையில் சேர்ந்த 113 நோயாளிகளின் ரத்தத்தை இவாசாகி குழுவினர் நாள் வாரியாகச் சோதித்தார்கள். நோய் முற்றிப் போனவர்களிடம் எதிர்ப்பு சக்தி இல்லாமல் போகவில்லை. பத்து நாளைக்குப் பிறகும் அடங்காமல், தப்பான திசையில் எல்லாம் சுட்டுக்கொண்டிருந்தது! மற்றவர்களிடமோ அது வேலை முடிந்ததும் அடங்கிவிட்டது. ஆக, வேண்டியது கூட்டுவது அல்ல, சரியான நேரத்தில் எழுந்து சரியான நேரத்தில் அடங்குவது. அதை ஸ்பூனால் அளந்து டம்ளரில் கலக்கித் தர எந்த டப்பாவாலும் முடியாது. வேளைக்கு சாப்பாடு, போதுமான தூக்கம், புகை இல்லாத வீடு, அட்டவணைப்படி தடுப்பூசி... விளம்பரம் வராத விஷயங்கள்தான், ஆனால் வேலை செய்கிற விஷயங்கள்.

தடுப்பூசி என்றதும் ஒன்று. கையில் போடும் ஊசி ரத்தத்தில் காவலை வைக்கிறது. வைரஸோ மூக்கு வழியாக வருகிறது. வாசலிலேயே காவல் வைத்தால் என்ன? ஊசி போட்ட பிறகு மூக்கிலும் மருந்து விடும் ஒரு முறையை இவாசாகி குழுவினர் எலிகளிலும் வெள்ளெலிகளிலும் சோதித்து, நல்ல பலன் கிடைத்ததாக 2022-ல் எழுதினார்கள். நம் நாட்டிலும் ஹைதராபாதில் தயாரான, மூக்கில் விடும் கொரோனா தடுப்பு மருந்து ஒன்றுக்கு அதே 2022-ல் அனுமதி கிடைத்து, 2023 ஜனவரியில் அறிமுகமானது. இந்தப் பாதையில் போக வேண்டிய தூரம் நிறைய இருக்கிறது. ஆனால் திசை சரியானது என்பது என் அபிப்பிராயம்.

அப்போ என்னதான் செய்வது?

முதலில், பயப்படாதீர்கள். சின்னக் குழந்தைக்கு வருஷத்தில் ஆறு, எட்டு தடவை சளி பிடிப்பது சகஜம். ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். இருமல் இன்னும் கொஞ்சம் இழுக்கலாம்.

வெதுவெதுப்பான தண்ணீர், கஞ்சி, மிளகு ரசம், இட்லி என்று பிள்ளை விரும்புவதைக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மூக்கடைத்தால் உப்புநீர்ச் சொட்டு மருந்து. ஒரு வயது தாண்டிய குழந்தை என்றால் இருமலுக்குக் கொஞ்சம் தேன். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. சின்னக் குழந்தையைக் கொதிக்கிற பாத்திரத்தின் முன் உட்கார வைத்து ஆவி பிடிக்க வைக்காதீர்கள், கவிழ்ந்தால் விபரீதம். இருமல் சிரப்பையும் நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அதே சமயம், 'வெறும் சளிதானே' என்று அசட்டையாகவும் இருக்காதீர்கள். குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40, இந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழிந்தாலும், உதடு நீலமானாலும், பால் குடிக்க முடியாவிட்டாலும், துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தாலும், மூன்று நாளாகியும் ஜுரம் விடாவிட்டாலும், விட்ட ஜுரம் திரும்பி வந்தாலும் தாமதிக்காதீர்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் பச்சைக் குழந்தைக்கு ஜுரம் என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அப்போது டாக்டர் நிமோனியா என்று ஆன்ட்டிபயாட்டிக் எழுதினால், 'அந்தப் பத்திரிகையில் வேண்டாம்னு போட்டிருந்ததே' என்று மறுக்காதீர்கள்! அது உயிர் காக்கும் மருந்து. சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுங்கள். மிச்சத்தை அடுத்த தடவைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

வைரஸ் சளிக்கு, டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். 'ஸ்ட்ராங்கா எழுதுங்க டாக்டர்' அல்ல. 'டாக்டர், இதுக்கு ஆன்ட்டிபயாட்டிக் அவசியம்தானா?' கேட்டுப் பாருங்கள். பாதி டாக்டர்கள் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவார்கள்!

என் பையனுக்கு இப்போது கல்யாண வயசு. சளி பிடித்தால் 'அம்மா, ரசம் வை' என்று மட்டும்தான் சொல்வான். எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் இப்போது மோர் பாட்டில்தான் இருக்கிறது. உங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் என்ன இருக்கிறது? இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்களேன்.